பெயரும் வாடகையும்: இணைய ஆள்களப் பதிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

போர்த்துக்கேயரும் அவர்பின் ஒல்லாந்தரும் இலங்கையின் கரையோரப் பகுதிகளிற் காணிகளையும் குடிகளையும் பற்றித் தொகுத்த தோம்புகள், முதற்கண் இறை அறவிடுதற்கும் ஊழியம் கொள்ளுதற்குமாக எழுந்த ஏடுகளாகும். யாரிடமிருந்து எதனைப் பெறலாம் என்பதை ஆட்சியாளர் அறிந்துகொள்ளும் பொருட்டே அவை எழுதப்பட்டன. ஆயினும் காலப்போக்கில் அத்தோம்புப் பதிவே ஒருவருடைய காணி உரிமைக்குச் சான்றாக நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படலாயிற்று. பதிவேடொன்று தான் தோன்றிய நோக்கத்தை விடுத்து வேறொன்றாக மாறிவிடுதல் வரலாற்றிற் புதியதன்று. அத்தகைய மாற்றமொன்று நமது காலத்திலேயே, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள், நம் கண்முன்னே நிகழ்ந்து முடிந்துள்ளது. அதுவே இணைய ஆள்களப் பெயர்ப் பதிவின் வரலாறு ஆகும்.

இணையத்திற் கணினி ஒன்றனை மற்றொரு கணினி இனங்காண்பது எண்களாலான முகவரி கொண்டே. அவ்வெண்களை மனிதர் நினைவிற் கொள்ளுதல் அரிதாகையால், அவற்றுக்கு ஈடாக வழங்கும் பெயரே ஆள்களப் பெயர், அல்லது பேச்சு வழக்கில் டொமேன், எனப்படுகின்றது. இன்ன பெயருக்கு இன்ன எண் என்று ஓரிடத்திற் குறித்துவைத்தலும், கேட்பவருக்கு அதனை எடுத்துரைத்தலுமே பதிவு என்பதன் சாரம். ஒரு பெயருக்கு இதனாற் கூடும் செலவு மிகச் சிறிதே. அவ்வாறாயின் ஆண்டுதோறும் நாம் செலுத்தும் பணம் எதற்குரியது? சேவைக்கான கூலியா, அரசிறையா, ஆதனமொன்றின் விலையா, அன்றிக் குத்தகைப் பணமா? இவ்வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டன. கூறியோர் யார், அவ்விடையாற் பயன்பெற்றோர் யார் என்பதையும் சேர்த்து நோக்கினாலன்றி இப்பொருள் விளங்காது.

1969இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆதரவுடன் தொடங்கிய ஆர்பாநெற் வலையமைப்பிற் பெயர்கள் யாவும் ஒரே கோப்பில் அடங்கியிருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் அமைந்த ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய சிறு குழு அக்கோப்பைப் பேணிற்று. புதிய பெயர் வேண்டுவோர் அக்குழுவுக்கு அறிவிப்பர். குழுவினர் கோப்பிற் சேர்ப்பர். ஏனைய கணினிகள் அதனைப் பிரதி செய்துகொள்ளும். வலையமைப்புப் பெருகவே இம்முறை தாங்காதாயிற்று. 1983இல் போல் மொக்கபெற்றிஸ் என்பார், ஒரே ஏட்டுக்குப் பதிலாகப் படிநிலையாகப் பகிர்ந்தளிக்கப்பட்ட ஏடுகளின் அமைப்பொன்றை வகுத்தார். வேர் என ஒன்று, அதன்கீழ் உயர்நிலை ஆள்களங்கள், அவற்றின்கீழ் நிறுவனப் பெயர்கள் என அது விரியும். வர்த்தகத்துக்குக் கொம், கல்விக்கு எடு, பிற அமைப்புகளுக்கு ஓர்க் முதலிய பகுப்புகளை 1984 ஒக்டோபரில் ஜோன் பொஸ்ரெல், ஜோய்ஸ் ரெனோல்ட்ஸ் ஆகிய இருவரும் எழுதிய ஆவணம் அறிவித்தது. நாடுகளுக்கு ஈரெழுத்துக் குறியீடுகள் ஒதுக்கப்பட்டன.

1985 மார்ச் 15ஆம் திகதி சிம்போலிக்ஸ் என்னும் கணினிக் கம்பனி தன் பெயரை டொட் கொம் என்பதன்கீழ்ப் பதிவுசெய்தது. அவ்வாண்டு முழுவதிலும் அவ்வாறு பதிவானவை ஆறே. இவற்றுக்கு ஒரு சதமேனும் கட்டணம் அறவிடப்படவில்லை. இதனைக் கண்டு அது ஒரு பொற்காலம் என இன்று சிலர் ஏங்குவதுண்டு. அவ்வேக்கம் முற்றும் பொருத்தமானதன்று. இலவசம் என்பது செலவின்மை அன்று. அச்செலவை அமெரிக்க வரியிறுப்பாளர் ஏற்றிருந்தனர். அதனாற் பயன்பெற்றோருட் போர்விமானம் செய்யும் நோர்த்ரொப் போன்ற பெருங் கம்பனியும் அடங்கும்.

இக்கால கட்டத்தின் மனப்பாங்கை அறிதற்கு 1994 மார்ச் மாதத்திற் பொஸ்ரெல் வெளியிட்ட 1591ஆம் இலக்கக் குறிப்பைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை எனலாம். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமொன்றிற் பணியாற்றிய அவர், உலக முழுவதற்குமான பெயர்-எண் ஒதுக்கீட்டை ஏறக்குறையத் தனியொருவராக நிருவகித்துவந்தார். ஆள்களம் ஒன்றனைப் பொறுப்பேற்பவர் அதனை ஒரு சமூகத்தின் சார்பில் நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருப்பவரேயன்றி உடைமையாளர் அல்லர் என்பதும், உரிமை பற்றியும் உடைமை பற்றியும் வாதிடுதல் அவ்விடத்துக்குப் பொருந்தாது, கடமையும் சேவையுமே கருதப்படவேண்டும் என்பதும் அக்குறிப்பின் சாரம். நம்மூர் வழக்கிற் கூறுவதாயின், தருமகர்த்தா நிலை. ஆனால் தருமகர்த்தாவிடம் கணக்குக் கேட்பார் யார் என்பதை அக்குறிப்பு தெளிவாகக் கூறவில்லை. பின்னாளில் எழுந்த பூசல்களுட் பல இவ்விடைவெளியிலேயே முளைத்தன.

உடைமை பற்றிப் பேசவேண்டாம் என்று பொஸ்ரெல் எழுதிய அதே ஆண்டிற் பெயருக்குள்ள சந்தை மதிப்பு வெளிப்பட்டமை ஒரு முரண். ஜோசுவா குவிற்னர் என்னும் பத்திரிகையாளர் மக்டொனால்ட்ஸ் என்னும் உணவக நிறுவனத்தின் பெயரைத் தன் பெயரிற் பதிவுசெய்து, அதனைச் செய்தது எத்துணை எளிது என்பதைக் கட்டுரையாக எழுதினார். கணினிக் கருவிகள் வாங்குவதற்காகப் பாடசாலை ஒன்றுக்கு அந்நிறுவனம் நன்கொடை வழங்கியபின் பெயரை ஒப்படைத்தார். குவிற்னர் தமக்கென ஒன்றும் பெறவில்லை. அவருக்குப் பின்வந்த பலர் அவ்வாறு இருக்கவில்லை.

கட்டணத்தின் கதை இங்குத் தொடங்குகின்றது. அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றத்துடன் செய்த உடன்படிக்கையின்படி 1993 ஜனவரி முதல் பதிவுப் பணியை நெற்வேர்க் சொலூசன்ஸ் என்னும் கம்பனி ஏற்று நடத்திவந்தது. 1995 செப்டெம்பரிற் பதிவான பெயர்கள் ஏறத்தாழ 1,20,000 ஆயின. இணையத்தை வர்த்தகர் பெரிதும் பயன்படுத்தத் தொடங்கியபின், அவர்களுடைய பெயர்ப்பதிவுக்கு ஆராய்ச்சிக்கான பொதுப்பணத்தைச் செலவிடுவது முறையா என்னும் கேள்வி எழுந்தது நியாயமானதே. 1995 செப்டெம்பர் 14 முதல் கட்டணம் விதிக்கப்பட்டது. இரு ஆண்டுகளுக்கு 100 டொலர். அதன்பின் ஆண்டுக்கு 50 டொலர்.

அத்தொகை பகிரப்பட்ட முறை ஊன்றி நோக்கத்தக்கது. நூற்றில் எழுபது கம்பனிக்குச் சென்றது. எஞ்சிய முப்பது, இணையத்தின் அறிவுசார் கட்டமைப்பை வளர்ப்பதற்கென நிதியொன்றில் இடப்பட்டது. ஒரே கட்டணத்துள் ஒரு பகுதி கூலி, ஒரு பகுதி வரி. வரி விதித்தற்குச் சட்டமன்றத்தின் அதிகாரம் வேண்டுமென்பது ஆங்கிலேய அரசியல் மரபின் பழமையான கொள்கைகளுள் ஒன்று. அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானிய முடியோடு முரண்பட்டதும் இக்கொள்கையின் பெயராலேயே. அதே கொள்கையை முன்வைத்துப் பெயர் பதிந்தோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 1998 ஏப்ரலில் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம், அம்முப்பது சதவீதம் காங்கிரசின் அதிகாரமின்றி விதிக்கப்பட்ட வரியே எனத் தீர்த்தது. வாதிகள் வென்றனர் என்றே எவரும் கருதுவர். ஆனால் சில வாரங்களுள் காங்கிரஸ் அவ்வறவீட்டைப் பின்னோக்கி அங்கீகரித்துச் சட்டமியற்றிற்று, பணம் திரும்பவில்லை. அதற்குச் சற்று முன்னரே, அந்த ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து, முப்பது சதவீதம் நீக்கப்பட்டு இரு ஆண்டுக் கட்டணம் 70 டொலராக்கப்பட்டிருந்தது. இதன் விளைவு யாதெனில், பொதுநலனுக்கெனச் சென்ற பங்கு மறைந்தது. கம்பனிக்குரிய பங்கு அப்படியே நிலைத்தது. பதிவுக் கட்டண வரலாற்றில் திருப்புமுனை எதுவென வினவினால், கட்டணம் விதிக்கப்பட்ட 1995ஐக் காட்டிலும் இந்த 1998ஐயே இக்கட்டுரையாளர் சுட்டுவார்.

அதே ஆண்டின் தொடக்கத்தில் மற்றொரு நிகழ்ச்சி. 1998 ஜனவரி இறுதியிற் பொஸ்ரெல், வேர்ச் சேவையகங்களை நடத்திய பன்னிருவருள் எண்மருக்குக் கடிதம் அனுப்பி, கம்பனியிடமிருந்தன்றித் தம்முடைய கணினியிலிருந்து வேர்ப்பட்டியலைப் பெறுமாறு கேட்டார். அவர்கள் ஒருசொற் கேளாது உடன்பட்டனர். அமெரிக்க அரசு சீறிற்று. அது பரீட்சார்த்தமே எனக் கூறிச் சில நாட்களில் அவர் பழைய நிலைக்கு மீட்டார். தருமகர்த்தாவின் கையிலா, ஒப்பந்தக்காரரின் கையிலா, அரசின் கையிலா அதிகாரம் உள்ளது என்பது அச்சில நாட்களில் ஐயத்துக்கிடமின்றித் தெளிவாயிற்று. செப்டெம்பர் இறுதியிற் கலிபோர்னியாவில் ஐகான் என்னும் இலாபநோக்கற்ற அமைப்பு நிறுவப்பட்டது. ஒக்டோபர் 16இற் பொஸ்ரெல் காலமானார். அவ்வமைப்பின் மீதான அமெரிக்க அரசின் ஒப்பந்தவழி மேற்பார்வை 2016இலேயே முடிவுற்றது.

பெயர் உடைமையா அன்றா என்னும் வினா நீதிமன்றங்களிலும் விடைகாணப்படாது அலைந்தது. கடன் தீர்ப்பொன்றை நிறைவேற்றுவதற்காக ஒருவருடைய ஆள்களப் பெயர்களைக் கைப்பற்றலாமா என்ற வழக்கில், 2000ஆம் ஆண்டு வேர்ஜினிய உயர் நீதிமன்றம், அவை சேவை ஒப்பந்தத்தின் விளைவுகளேயன்றிக் கைப்பற்றத்தக்க பொருளல்ல எனக் கூறிற்று. 2003இற் கலிபோர்னிய வழக்கொன்றில் இதற்கு மாறான தீர்ப்பு வந்தது. கிரெமன் என்பார் 1994இல் இலவசமாகப் பதிந்த பெயரை, கோகன் என்பவர் 1995இற் பொய்க்கடிதம் கொடுத்துத் தமதாக்கிக்கொண்டார். நெற்வேர்க் சொலூசன்ஸ் அக்கடிதத்தை விசாரியாது ஏற்றது. கிரெமன் பணம் ஏதும் செலுத்தாமையால் ஒப்பந்தம் உண்டாகவில்லை. எனினும் பெயர் அவருடைய ஆதனமே, அதனைப் பிறருக்குக் கொடுத்த கம்பனி பொறுப்பேற்கவேண்டும் என மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. இரு வழக்குகளிலும் கம்பனியின் வாதம் ஒன்றே: நாம் வழங்குவது சேவை மட்டுமே. பணம் பெறும்போது அரிய பொருளை விற்பவர்போன்றும், பொறுப்புக் கேட்கப்படும்போது வெறும் பதிவெழுதுவினைஞர் போன்றும் அது நடந்துகொண்டமை சுவையானதொரு காட்சியாகும்.

நடைமுறையில் எவரும் பெயரொன்றை விலைக்கு வாங்கிவிட முடியாது. டொட் கொம் போன்றவற்றில் ஒரே தடவையிற் பதியக்கூடிய உச்சக்காலம் பத்து ஆண்டுகள். தவணை தவறின், முதலிற் சில வாரச் சலுகை, பின்னர் மிகுதிப் பணத்துடன் மீட்பதற்கு முப்பது நாட்கள், அதன்பின் ஐந்து நாட்கள் தடைநிலை. பின்பு பெயர் முதலில் வருவோருக்குரியது. காணியுறுதி வைத்திருப்பவனின் நிலை இதுவன்று. குத்தகைக்காரனின் நிலையே இது.

குத்தகை எனின் வாரம் யாருக்குச் செல்கின்றது? நெற்வேர்க் சொலூசன்சை 2000ஆம் ஆண்டிலே வெரிசைன் என்னும் கம்பனி ஏறத்தாழ 2,100 கோடி டொலர் பெறுமதியான பங்குகள் கொடுத்து வாங்கிற்று. பொதுப்பணத்தில் எழுதத் தொடங்கிய பதிவேடு ஒன்றுக்கு ஐந்தாண்டுக் கட்டண அறவீட்டின்பின் ஏற்பட்ட மதிப்பு அது. அதே காலத்திற் சில்லறைப் பதிவில் பல கம்பனிகள் போட்டியிட அனுமதிக்கப்பட்டன; அதனாற் சில்லறை விலை சரிந்தது உண்மை. ஆனால் டொட் கொம் என்னும் மூல ஏடு ஒரே கையில் இருந்துவருகின்றது. அவ்வொப்பந்தம் தவணைதோறும் புதுப்பிக்கப்படுவதன்றி, கேள்விப்பத்திரம் கோரி வேறு எவருக்கும் விடப்படுவதில்லை. மூல ஏட்டுக்குரிய ஆண்டுக் கட்டணம் 2000இல் 6 டொலர், 2012இல் 7.85 டொலர்; சில காலம் உறைநிலையில் இருந்தபின் 2021இல் 8.39, 2022இல் 8.97, 2023இல் 9.59, 2024இல் 10.26 டொலர். இக்காலத்திற் கணினியின் விலையும் தரவைச் சேமிக்கும் செலவும் பன்மடங்கு வீழ்ந்தன. டொட் கொம் பெயர்களோ 15 கோடிக்கு மேற்பட்டவை. பெருக்கிப் பார்ப்பின் ஆண்டுக்கு 150 கோடி டொலருக்கு மேல்.

பத்து டொலர் அற்பத்தொகை என்பார் உளர். அது எங்கிருந்து நோக்குகின்றோம் என்பதைப் பொறுத்தது. 2021 செப்டெம்பரில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா; மூலக் கட்டணம் 8.39 டொலர் எனின் சுமார் 1,680 ரூபா. ஓராண்டு கழித்து டொலர் ஏறத்தாழ 360 ரூபா, கட்டணம் 8.97 டொலர்; எனவே சுமார் 3,230 ரூபா. அமெரிக்கரொருவருக்கு ஏழு சதவீதம் கூடிய அதே பெயர், இலங்கையிலிருப்பவருக்கு ஏறத்தாழ இருமடங்காயிற்று. மருந்துக்கும் எரிபொருளுக்கும் அந்நியச் செலாவணி இல்லாதிருந்த அவ்வாண்டிற் சிறு சங்கங்களும் தனியாட்களும் நடத்திய தளங்களின் தவணை தவறியதில் வியப்பில்லை.

இலாபநோக்கற்றோருக்கென அமைந்த டொட் ஓர்க் ஆள்களத்தின் அண்மைக்கால வரலாறு இதைவிட நமக்கு நெருங்கியது. 2019 ஜூனில் அதன் விலை உச்சவரம்பு நீக்கப்பட்டது. அவ்வாண்டு நவெம்பரில், அதனைப் பேணிவந்த இணையச் சங்கம், அப்பொறுப்பை எதோஸ் கப்பிற்றல் என்னும் தனியார் முதலீட்டுக் கம்பனிக்கு 113.5 கோடி டொலருக்கு விற்க இணங்கியது. உலகெங்கும் தொண்டு நிறுவனங்கள் எதிர்த்தன. கலிபோர்னியச் சட்டமா அதிபரும் எதிர்த்து எழுதினார். 2020 ஏப்ரல் 30இல் ஐகான் அனுமதி மறுத்தது. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் எண்ணிமப்படுத்தி எவருக்கும் இலவசமாக வழங்கிவரும் நூலகம் நிறுவனத்தின் முகவரியும் டொட் ஓர்க் என்பதன்கீழேயே உள்ளது. நம் மாணவர் ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் எத்தனை அம்முகவரியில் தங்கியுள்ளன என்பதை விரிவுரையாளர் அறிவர். அவ்வடிக்குறிப்புகளின் ஆயுளைத் தீர்மானிக்கும் பேச்சுவார்த்தை நாம் அறியாதோரிடையே நடந்து, நாம் அறியாமலே முடிந்தது.

நாட்டுக் குறியீடுகளில் நிலைமை வேறு. பெயர் என்பது இங்கு வளமாகவும் அமையலாம், கொள்ளையாகவும் அமையலாம். ஏறத்தாழப் பதினோராயிரம் மக்கள் வாழும் துவாலு என்னும் பசிபிக் தீவுநாட்டுக்கு டிவி என்னும் ஈரெழுத்துகள் தற்செயலாக வாய்த்தன. அதனைப் பயன்படுத்தும் உரிமையைக் கம்பனி ஒன்றுக்குக் கொடுத்துப் பெற்ற பணத்தைக் கொண்டே அந்நாடு 2000ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமை பெற்றதன் செலவை ஈடுசெய்தது. நமது சமுத்திரத்தின் சாகோஸ் தீவுகளுக்குரிய ஐஓ என்னும் குறியீடோ, அத்தீவுகளின் குடிகள் 1968க்கும் 1973க்கும் இடையில் வெளியேற்றப்பட்டு நெடுங்காலம் கழிந்தபின், கணினிக் கம்பனிகளின் விருப்பப் பெயராயிற்று.

இலங்கைக்குரிய எல்கே என்னும் குறியீடு 1990இற் பொறுப்பளிக்கப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிஹான் டயஸ் அதனை ஏற்று வளர்த்தார். நாட்டில் வர்த்தக இணையச் சேவை 1995இலேயே தொடங்கியது என்பதை நோக்கும்போது, பல்கலைக்கழகத்தாரே இப்பொறுப்பை முதலில் உணர்ந்தமை புலனாகும். 2010இல் சிங்களத்தில் ஒன்றும் தமிழில் ‘இலங்கை’ என ஒன்றுமாக இரு உயர்நிலை ஆள்களங்கள் இந்நாட்டுக்கு வழங்கப்பட்டன. அவ்வாறு வழங்குதற்கு ஐகான் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, குறித்த மொழி அந்நாட்டில் உத்தியோக நிலையுடையதாதல். தமிழுக்கு அந்நிலையை அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் 1987இலேயே அளித்தது. 1956 முதல் நடந்த நீண்ட வழக்கின் விளைவொன்று, இணையத்தின் வேர்ப்பட்டியலில் ஒரு வரியாக இவ்வாறு பதிவாயிற்று. அந்த வரியும் வேரிலே தமிழெழுத்தில் இல்லை என்பது வேறு கதை. இருபத்தாறு இலத்தீன் எழுத்துகள், பத்து எண்கள், ஒரு சிறுகோடு ஆகிய முப்பத்தேழு குறிகளையே பழைய அமைப்பு அறியும். எனவே ‘இலங்கை’ என நாம் எழுதுவது, வாசிக்கவியலாத இலத்தீன் கோவையொன்றாக மாற்றப்பட்டே அங்கு வைக்கப்பட்டுள்ளது.

எந்த எழுத்திற் பதிந்தாலும் தவணை தவறியபின் கதி ஒன்றே. சென்ற ஆண்டு ஊர் வரலாறு பற்றிய ஆய்வேடொன்றைப் பரிசீலிக்கும்போது, அதன் அடிக்குறிப்பிற் கண்ட முகவரியொன்றை இக்கட்டுரையாளர் தேடிச் சென்றார். போரினால் இடம்பெயர்ந்து பல நாடுகளிற் சிதறிய ஊரவர்கள் சேர்ந்து நடத்திய தளம் அது. கோயில் மானியக் கணக்குகள், பாடசாலைப் படங்கள், மரண அறிவித்தல்கள், எவர் வளவு எங்கிருந்தது என்று முதியவரொருவர் நினைவிலிருந்து வரைந்த படம் ஆகியன அதில் இருந்ததாக ஆய்வேடு கூறுகின்றது. தளத்தை நடத்திவந்தவர் காலமானபின் தவணைப் பணத்தைச் செலுத்துவார் இல்லை. கடவுச்சொல்லும் எவரிடத்தும் இல்லை. இப்போது அங்கே சூதாட்ட விளம்பரமொன்று ஓடுகின்றது. முகவரியில் ஊரின் பெயர் இன்றும் எழுத்து மாறாமல் இருக்கின்றது.